கென்ட் ரிட்ஜில் ஒரு தமிழ் மாலை: 80 பேர் வரும் நிகழ்ச்சியை நடத்தும் முறை

சிங்கப்பூரில் கல்லூரி ஊர் என்று தனியாக எதுவும் கிடையாது. இருந்தால் அது கிளமெண்டி சாலைதான். வடக்கு முனையில் நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி, அதை ஒட்டி சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம், டோவர் பக்கம் சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரி, தெற்கே கென்ட் ரிட்ஜ் மேட்டின் மேல் தேசியப் பல்கலைக்கழகம். பட்டிமன்றம், கவிதை மாலை, பொங்கல், நாடகம் என்று இந்த வட்டாரத்தில் தமிழ் நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. அவற்றில் சறுக்கியவை பெரும்பாலும் மேடையில் சறுக்கவில்லை. தேதி தவறு, அறை தவறு, இல்லையென்றால் வந்தவருக்கு வழி தெரியவில்லை. நிகழ்ச்சி நிரலைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம். இந்த மூன்றையும் முதலில் முடியுங்கள்.

தேதி

தேசியப் பல்கலைக்கழகத்தின் முதல் பருவம் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தை ஒட்டியும் இரண்டாம் பருவம் ஜனவரி இரண்டாம் வாரத்தை ஒட்டியும் தொடங்கும். ஒவ்வொன்றிலும் 13 வாரம் பாடம். ஆறாம் வாரம் முடிந்ததும் ஒரு வாரம் விடுப்பு, பிறகு படிப்பு வாரம், தேர்வு. முதல் இரண்டு வாரம் பாடம் தேர்ந்தெடுப்பது, அறை மாற்றம் என்று எல்லாரும் அலைவார்கள். ஏழாம் வாரம் இடைத்தேர்வுகள் குவியும். 11-ஆம் வாரத்துக்கு மேல் ஒப்படைப்பு நெருக்கும். மிச்சம் இருப்பவை 3, 4, 5-ஆம் வாரங்களும் 8, 9, 10-ஆம் வாரங்களும். இந்த ஆறு வாரத்துக்குத்தான் எல்லா மன்றங்களும் அடித்துக்கொள்கின்றன.

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களும் வர வேண்டுமென்றால் கணக்கு இன்னும் சுருங்கும். அவர்களுக்குக் கல்வியாண்டே ஏப்ரலில்தான் தொடங்குகிறது. இரண்டாம் பருவம் அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை. இரு தரப்பும் வகுப்பில் இருந்து, யாருக்கும் தேர்வு இல்லாத காலம் அக்டோபர் நடு முதல் நவம்பர் தொடக்கம் வரை, அப்புறம் ஜனவரி நடு முதல் பிப்ரவரி தொடக்கம் வரை. தீபாவளியும் பொங்கலும் இந்த இரண்டு சன்னலை ஒட்டியே விழுவது நமக்கு வசதி. சீனப் புத்தாண்டும் பல ஆண்டுகளில் அங்கேயே வந்து உட்கார்வதால் நாள்காட்டியைப் பார்த்துவிட்டுத் தேதி சொல்லுங்கள்.

ஏப்ரல்தான் சிக்கல். வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவில் தமிழ்மொழி விழா ஏப்ரல் முழுவதும் நடக்கும். அதில் இடம்பெற ஆசை எல்லாருக்கும் உண்டு, தவறில்லை. ஆனால் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் பல்கலைக்கழகத்தில் பாடம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு தேர்வுதான். ஏப்ரல் 20-க்கு மேல் வளாகத்தில் மாணவர் நிகழ்ச்சி வைத்தால் மேடையில் இருப்பவர்களின் பெற்றோர்தான் பார்வையாளர்கள். விழாவில் சேர்வதானால் முதல் இரண்டு சனிக்கிழமைகளில் ஒன்றைப் பிடியுங்கள். விழாவுக்கான முன்மொழிவுகளை முந்தைய ஆண்டே கேட்டுவிடுவார்கள், பிப்ரவரியில் விழித்துக்கொண்டு பயனில்லை.

கிழமையில் சனி மாலை 5 மணிக்கு ஈடு இல்லை. வெள்ளி இரவு 7 மணி மாணவர்களுக்குச் சரி. உட்லண்ட்ஸ், ஈசூனிலிருந்து வர வேண்டிய குடும்பங்களுக்குச் சரிப்படாது. ரமலான் மாதத்தில் 7 மணித் தொடக்கம் வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது ஏறக்குறைய 7 மணிக்கு. நோன்பு திறக்கும் நேரத்தில் வரவேற்புரை வைத்தால் தமிழ் முஸ்லிம் நண்பர்களை வராதே என்று சொன்னதுபோல் ஆகிவிடும். அந்த மாதத்தில்தான் நடத்தியாக வேண்டுமென்றால் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி 5:30-க்கு முடியுங்கள்.

அறை

எதிர்பார்ப்பது 80 பேர் என்றால் 100 பேர் உட்காரும் அறை. 300 இருக்கை அரங்கம் இலவசமாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். 80 பேர் அதில் சிதறி உட்கார்ந்தால் பேச்சாளருக்குக் காலி நாற்காலிதான் கண்ணில் படும், கைத்தட்டலும் எழும்பாது.

இலவசப் பதிவில் எல்லாரும் வந்துவிடுவதில்லை. 120 பேர் பதிந்தால் 80 பேருக்குத் திட்டமிடுங்கள். மழை பெய்தால் அதிலும் குறையும். ஆனால் அறைக்கு அனுமதிக்கப்பட்ட ஆள் எண்ணிக்கையை மீறி ஒருவரைக்கூட நிற்க விடக்கூடாது, அது தீப்பாதுகாப்பு விதி.

நேரில் போய்ப் பார்க்காமல் அறையை உறுதி செய்யாதீர்கள். நிகழ்ச்சி நடக்கப்போகும் அதே கிழமை, அதே நேரத்தில் போங்கள். ஐந்து விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது குளிர்சாதனம். வகுப்பறைகளில் பலவற்றில் அது நேரக் கட்டுப்பாட்டில் ஓடும். மாலையிலும் வார இறுதியிலும் தானாக நின்றுவிடும். நீட்டிக்கச் சொல்லித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இதை மறந்தால் 6 மணிக்குக் குளிர்சாதனம் நிற்கும், 6:20-க்குப் பட்டுச்சேலைகள் எழுந்து போகும்.

இரண்டாவது கதவு. அலுவல் நேரம் முடிந்ததும் அட்டை காட்டினால்தான் திறக்கும் கதவுகள் நிறைய. வெளியாள் வந்து கண்ணாடிக்கு அப்பால் நின்று கை காட்டுவார். கதவருகே ஒரு தொண்டூழியர் கடைசி வரை இருக்க வேண்டும்.

மூன்றாவது மேடை அகலம். பட்டிமன்றத்துக்கு நடுவரோடு ஏழு பேர். ஒருவருக்கு 70 சென்டிமீட்டர் என்றாலும் 5 மீட்டர் வேண்டும். படிப்படியாக உயரும் விரிவுரைக்கூடங்களில் முன்பகுதி குறுகல், நடுவில் அசைக்க முடியாத மேசை வேறு இருக்கும். அங்கே கவியரங்கம் நடத்தலாம். பட்டிமன்றத்துக்கும் நடனத்துக்கும் நாற்காலிகளை நகர்த்தக்கூடிய சமதள அறைதான் வேண்டும்.

நான்காவது மின்செருகி. இங்குள்ள செருகியின் ஃபியூஸ் 13 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 3,000 வாட். 2,500 வாட் வெந்நீர்க் கலன் ஒன்றைச் செருகினாலே அது நிறைந்துவிடும். தேநீருக்கு ஒன்று, காப்பிக்கு ஒன்று என்று ஒரே நீட்டிப்புக் கம்பியில் இரண்டையும் போட்டால் ஃபியூஸ் போகும். ஒலிபெருக்கியும் அதே கம்பியில் இருந்தால் பேச்சும் போகும். கலன்களைத் தனித்தனிச் சுவர்ச் செருகியில் போடுங்கள்.

ஐந்தாவது, அறைக்குள் சாப்பிட அனுமதி உண்டா என்பது. பெரும்பாலும் இராது. உணவு மேசைகளை வெளித் தாழ்வாரத்தில் போட அனுமதி கேளுங்கள்.

மாணவர் மன்றம் இல்லாதவர்கள், அதாவது வட்டாரக் குடும்பங்கள், முன்னாள் மாணவர்கள் போன்றோர், கிளமெண்டி சமூக மன்றத்தில், மக்கள் கழகத்தின் ஒன்பிஏ முன்பதிவுத் தளம் வழியாக அறை எடுக்கலாம். சிறிய வாசகர் வட்டத்துக்குப் பல்கலைக்கழகத்தைவிட கிளமெண்டி மால் கட்டடத்தில் இருக்கும் பொது நூலகமே நல்ல இடம். எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

அனுமதிகள்

மாணவர் மன்றத்துக்குள்ளேயே நடக்கும் கூட்டத்துக்குப் பொறுப்பாசிரியரின் ஒப்புதல் போதும். பொதுமக்களுக்குத் திறந்துவிடும்போது வேறு கதை. நாடகம், நடனம், இசை நிகழ்ச்சிகளுக்குத் தகவல், ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் கலை நிகழ்ச்சி உரிமம் தேவையா என்று கேட்டுவிடுங்கள். விண்ணப்பம் அரசின் கோபிசினஸ் இணையத்தளம் வழியாக. நாடகம் என்றால் வசனப் பிரதி கேட்பார்கள். பிரதி எழுதி முடிக்காமல் தேதி அறிவிக்கும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

திரைப்பாடலைப் பாடினாலும் ஒலிக்கவிட்டாலும் இசைப் பதிப்புரிமை உண்டு. பாடல் ஆக்கியோருக்கான உரிமத்தை இங்கே வழங்குவது காம்பஸ் அமைப்பு. வளாகத்துக்கு ஏற்கெனவே உரிமம் இருக்கிறதா என்று அரங்க அலுவலகத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

தமிழகத்திலிருந்தோ மலேசியாவிலிருந்தோ பேச்சாளர் வந்தால் அவருக்கு எந்த அனுமதி பொருந்தும் என்று மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டு விமானச் சீட்டு எடுங்கள். பேச்சு இனம், சமயம், அரசியல் பக்கம் போனால் விதிகள் கடுமை. பட்டிமன்றத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை மனத்தில் வையுங்கள். கல்லூரி விடுதியா வீட்டுச் சாப்பாடா என்று வாதாடினாலும் மக்கள் சிரிப்பார்கள்.

பதிவுப் படிவத்தில் பெயர், மின்னஞ்சல், உணவு விருப்பம் போதும். அடையாள அட்டை எண் கேட்காதீர்கள். தேவையின்றி அதைத் திரட்டுவதற்கு 2019 செப்டம்பர் 1 முதல் இங்கே தடை. கட்டண நிகழ்ச்சியானால் கைப்பேசியில் பேநவ் வழியாக வரும் பணம் மன்றத்தின் கணக்குக்கே போகட்டும். ஒரு மாணவரின் சொந்த எண்ணுக்கு வாங்கினால், கணக்குத் தணிக்கையின்போது அவர்தான் ஒவ்வொரு வெள்ளிக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

சுவரொட்டியில் தமிழ் உடைவது

இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். தமிழ் நிகழ்ச்சியின் சுவரொட்டியிலேயே தமிழ் பிழையாக இருந்தால் அதைப் படமெடுத்து அனுப்ப ஊரில் ஆள் இருக்கிறது.

வடிவமைப்பு மென்பொருள்கள் சிலவற்றில் இயல்பு அமைப்பு ஆங்கிலத்துக்கானது. 'கொண்டாட்டம்' என்று ஒட்டினால் ககரத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும், பக்கத்தில் ஒரு புள்ளிவட்டம் முளைக்கும். 'கை', 'பே', 'தொ' எல்லாவற்றுக்கும் இதே கதிதான். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. அமைப்பில் இந்திய அல்லது தெற்காசிய எழுத்துகளுக்கான பத்தியமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது இல்லாத மென்பொருள் என்றால் வேறொன்றில் எழுதிப் படமாக ஏற்றுங்கள்.

பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கவிதையை யாராவது அனுப்புவார். உங்கள் கணினியில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஒருங்குறிக்கு மாற்றும் கருவியில் போட்டு, பிறகு ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். மாற்றியில் சில எழுத்துகள் பிறழும். அரங்கத்தில் காட்டும் படவில்லைகளைக் கட்டாயம் பிடிஎஃப் ஆகவும் சேமித்து வையுங்கள். அரங்கக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் வரிகள் நீண்டு, கடைசிச் சொல் திரைக்கு வெளியே போய்விடும்.

அச்சுக்கு அனுப்புமுன் ஏற்பாட்டுக் குழுவில் இல்லாத ஒரு தமிழாசிரியரிடம் காட்டுங்கள். எழுதியவர் கண்ணுக்கு ஒற்றுப்பிழை தெரியாது.

அறிவிப்பை மூன்று வாரம் முன்னால் தமிழ் முரசு நாளிதழுக்கும் ஒலி 96.8 வானொலிக்கும் அனுப்புங்கள். மாணவர்களை டெலிகிராமிலும் இன்ஸ்டகிராமிலும் பிடிக்கலாம், பெற்றோரை வாட்ஸ்அப்பில்தான். தமிழாசிரியர் ஒருவர் தம் குழுவில் பகிர்ந்தால் நூறு சுவரொட்டிகளுக்குச் சமம்.

நேரக் கணக்கு

பட்டிமன்றம் என்று வைத்துக்கொள்வோம். 5 மணி என்று போட்டால் 5:10-க்குத் தொடங்குங்கள், 5:30-க்கு அல்ல. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை இரண்டும் 8 நிமிடத்துக்குள். நடுவர் முன்னுரை 8. ஆறு பேச்சாளர்களுக்குத் தலா 7 நிமிடம், ஆக 42. தீர்ப்பு 12. நன்றியுரை 3. மொத்தம் 73 நிமிடம். கைத்தட்டல், ஒலிவாங்கி கைமாறுதல் எல்லாம் சேர்த்து 90 வைத்துக்கொண்டால் 6:40-க்கு உணவு. ஆறாவது நிமிடத்தில் ஒரு மணி, ஏழாவதில் இரண்டு. மணியடிப்பவர் பேச்சாளருக்குத் தம்பி தங்கை முறை ஆகாதவராக இருக்கட்டும், உறவு என்றால் கூச்சப்பட்டு அடிக்கமாட்டார்கள்.

சிறப்பு விருந்தினரை இரண்டு மாதம் முன்பே அழையுங்கள். அவர் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அவருடைய உதவியாளரிடம் கேட்டு, அவர் உரையை நடுவில் அல்ல, தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். பொன்னாடை ஒன்று போதும். ஏழு பேருக்கும் போர்த்தினால் 10 நிமிடம் போய்விடும்.

ஒலிவாங்கி மூன்று: நடுவருக்கு ஒன்று, இரண்டு அணிகளுக்கும் அணிக்கு ஒன்று. கம்பியில்லா ஒலிவாங்கிகளுக்குப் புது மின்கலங்கள், கூடவே மாற்றுச் செட் ஒன்று. தேய்ந்த மின்கலம் தீர்ப்பு நேரத்தில்தான் சாகும்.

உணவு

இங்கே சபையில் முஸ்லிம் இருப்பார், சைவர் இருப்பார், பூண்டு வெங்காயம் தொடாதவரும் இருப்பார். ஹலால் சான்றிதழ் பெற்ற உணவு விநியோகிப்பாளரிடம் முழுச் சைவமாகச் சொல்லிவிடுவது எளிய வழி. சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

80 பேர் சிற்றுண்டிக்கு வடை 130, கேசரி ஆளுக்கு 60 கிராம் என்றால் 5 கிலோ, தேநீர் கிண்ணம் 150 மில்லி என்றால் 12 லிட்டர். தேநீரில் சர்க்கரை கலக்காமல் வாங்கித் தனியாக வையுங்கள், மூத்தோரில் பாதிப் பேர் அதைத்தான் கேட்பார்கள். தேங்காய்ச் சட்னிதான் முதலில் கெடும். பெட்டியில் ஒட்டியிருக்கும் நேரச் சீட்டைப் பாருங்கள். சமைத்த 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். 6:40-க்குப் பரிமாற வேண்டியதை 3 மணிக்கே கொண்டுவந்து இறக்கும் கடைக்காரரிடம் 6 மணி என்று எழுத்தில் வாங்குங்கள்.

பொங்கல் என்றால் பானை. வளாகத்துக்குள் திறந்த நெருப்புக்கு எளிதில் அனுமதி கிடைக்காது, கிடைத்தாலும் தீயணைப்பான்களை எங்கே வைப்பது, யார் காவல் என்று கேள்விகள் வரும். மின்தூண்டல் அடுப்புதான் மாற்று. ஆனால் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஆசையாக வாங்கிவந்த மண்பானை அதில் சூடே ஏறாது. அந்த அடுப்புக்குக் காந்தம் ஒட்டும் அடிப்பாகம் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தப் பொம்மை ஒன்றைக் கடைக்கு எடுத்துப்போய் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள்.

80 பேருக்கான பொங்கல் முழுவதையும் அங்கே வேகவைக்க முயல வேண்டாம். 2 லிட்டர் கொள்ளும், வாய் குறுகிய எவர்சில்வர் பானையில் 1.7 லிட்டர் பால் ஊற்றுங்கள். 2,000 வாட் அடுப்பில் ஐந்தாறு நிமிடத்தில் பொங்கிவிடும். வாய் அகன்ற சட்டி என்றால் பால் கொதிக்குமே ஒழிய வழியாது. அடுப்பின் தொடுபலகையில் பால் பட்டால் அது அணைந்துவிடும். ஆகவே பால் பொங்கி எழுந்த கணமே பானையைத் தூக்கிப் பக்கத்துத் தாம்பாளத்தில் வையுங்கள், அங்கே வழியட்டும். 'பொங்கலோ பொங்கல்' சொல்ல அது போதும். மஞ்சள் கொத்தும் கரும்பும் மண்பானையை அலங்கரித்துப் பக்கத்தில் நிற்கட்டும். அடுப்பைப் புகை உணர்கருவிக்கு நேர் கீழே மட்டும் வைத்துவிடாதீர்கள்.

பரிமாறும் சர்க்கரைப் பொங்கலை வீட்டிலோ கடையிலோ செய்து கொண்டுவரலாம். 80 சிறு கிண்ணத்துக்கு, கிண்ணம் 100 கிராம் வீதம்: பச்சரிசி 1 கிலோ, பாசிப்பருப்பு 250 கிராம், வெல்லம் 1.25 கிலோ, பாலும் நீருமாக 6 லிட்டர், நெய் 300 கிராம். அரிசி குழைந்த பிறகுதான் வெல்லப்பாகு. முன்னால் ஊற்றினால் அரிசி அதற்கு மேல் வேகாது, கொதிக்கும் பாலில் ஊற்றினால் பால் திரியும். ஆறினால் இறுகும், எனவே கொஞ்சம் தளரவே இறக்குங்கள்.

வழியும் மழையும்

கென்ட் ரிட்ஜ் பெயருக்கேற்ற மேடு. எம்ஆர்டியிலிருந்து வரைபடத்தில் பத்து நிமிடம் என்று காட்டுவது சேலை கட்டிய அத்தைக்கு இருபத்தைந்து நிமிடம், அதுவும் ஏற்றம். அழைப்பிதழில் 'தேசியப் பல்கலைக்கழகம், கென்ட் ரிட்ஜ்' என்று மட்டும் போட்டால் வளாகத்தின் தப்பான மூலையில் டாக்சி இறக்கிவிடும். கட்டடப் பெயர், மாடி, ஆறு இலக்க அஞ்சல் குறியீடு, இறங்க வேண்டிய பேருந்து நிறுத்தம் நான்கும் வேண்டும்.

பல்கலைக்கழகத்தின் யூடவுன் பகுதியில் நிகழ்ச்சி நடந்தால், எம்ஆர்டி வட்டப் பாதையில் கென்ட் ரிட்ஜ் நிலையத்தில் இறங்கி உள்வளாகப் பேருந்து டி2. கிளமெண்டி முனையத்திலிருந்து வருபவருக்குப் பேருந்து 96 வளாகத்துக்குள்ளேயே வரும். உள்வளாகப் பேருந்து வார இறுதியில் குறைவு, தடமும் மாறும். நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் பல்கலைக்கழகச் செயலியில் சரிபார்த்து, அன்று காலை வாட்ஸ்அப்பில் மறுபடி அனுப்புங்கள். நிறுத்தத்திலிருந்து அறை வரை ஒவ்வொரு திருப்பத்திலும் அம்புக்குறி ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு அனுமதி வாங்கி, சுவர்ப்பூச்சு உரியாத நாடாவில்.

புல்வெளியில் நடத்தும் ஆசை இருந்தால் கூரையுள்ள மாற்றிடம் ஒன்றையும் சேர்த்துப் பதிந்துவையுங்கள். ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை இன்னும் ஓயாது, நாள் முழுக்கக்கூடத் தூறும். ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம். பிற்பகல் 2 மணிக்கு ஒரே ஆள் முடிவெடுக்கட்டும்: உள்ளேயா, வெளியேயா. குழு கூடி வாக்கெடுத்துக்கொண்டிருந்தால் ஒலிபெருக்கி நனைந்துவிடும். மின்னல் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் விவாதமே கிடையாது.

முடிந்த பிறகு

இரவு 9 மணிக்குள் அறையை ஒப்படைக்கும்படி திட்டமிடுங்கள். உணவு மேசையை எடுக்க வருபவர் எப்போது வருவார் என்று முன்பே கேளுங்கள். குப்பைப் பை பெரியதாக பத்து. மீந்த உணவை நேரச் சீட்டு முடிவதற்குள் விடுதி மாணவர்களிடம் கொடுத்துவிடலாம். முடிந்துவிட்டால் யாருக்கும் கொடுக்காதீர்கள். நாற்காலிகளை அறைக்குள் நுழையும்போது எடுத்த படத்தைப் பார்த்து அதேபோல் அடுக்குங்கள், அந்தப் படத்தை எடுக்க மறந்தவர்கள் வைப்புத்தொகையை இழந்திருக்கிறார்கள். கடைசியாக ஒருவர் இருக்கை வரிசைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே போகட்டும்: குடை மூன்று, மின்னூட்டக் கம்பி ஒன்று, கட்டாயம் ஒரு சாப்பாட்டு டப்பா கிடைக்கும். படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டு விளக்கை அணையுங்கள்.